ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் 2,140 மணி நேரம்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த அத்தை மகன் என் கணினியைத் திறந்தான். விளையாட்டுகளை வாங்கி ஆடுகிற ஸ்டீம் செயலியில், நான் ஆடிய நேரத்தைக் காட்டும் எண்ணைப் பார்த்துவிட்டு, "மச்சான், 2,140 மணி நேரமா?" என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டான். அன்றைக்கு ஆரம்பித்த கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. பெரியப்பா கேட்டார், அலுவலகத்தில் கேட்டார்கள், பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையன் வேறு ஒரு ஆர்வத்தோடு கேட்டான். ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் ஏதோ சொல்லி அனுப்பியிருக்கிறேன். இப்போது உட்கார்ந்து, யோசித்து, எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

முதலில், இது என்ன விளையாட்டு?

1999 செப்டம்பரில் வந்த கணினி விளையாட்டு. என்செம்பிள் ஸ்டுடியோஸ் என்ற அமெரிக்க நிறுவனம் செய்தது, மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. திரையில் மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு நிலம் தெரியும். நடுவில் ஒரு டவுன் சென்டர், மூன்று வில்லேஜர்கள், குதிரையில் ஒரு ஸ்கவுட். மற்றதெல்லாம் இருட்டு. ஆட்டை அறுத்து, மரம் வெட்டி, பொன்னும் கல்லும் தோண்டி, வயல் போட்டு, வீடு கட்டி, படை திரட்டி, டார்க், ஃப்யூடல், காசில், இம்பீரியல் என்று நான்கு காலங்களைத் தாண்டிப் போக வேண்டும். அந்த இருட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் அதே நேரத்தில் அதையேதான் செய்துகொண்டிருப்பார்.

செய்த நிறுவனத்தை 2009 ஜனவரியில் மூடிவிட்டார்கள். விளையாட்டு மட்டும் சாகவில்லை. 2013-இல் ஒரு புதுப்பதிப்பு, 2019 நவம்பரில் டெஃபினிட்டிவ் எடிஷன் என்று இன்னொன்று. முதலில் 13 நாகரிகங்கள் இருந்தன, இன்றைக்கு 45-க்கும் மேல். கால் நூற்றாண்டு தாண்டியும் புதுசு புதுசாக ஏதாவது சேர்ந்துகொண்டே இருக்கிறது.

2,140 மணி நேரம் என்றால் முழுசாக 89 நாள். அந்த நேரத்தில் உருப்படியாக ஏதாவது செய்திருக்கலாமே?

கணக்கு சரிதான். ஆனால் அது 2019 நவம்பரிலிருந்து இன்றுவரை சேர்ந்த கணக்கு. ஆறு வருஷத்துக்குப் பிரித்தால் நாளுக்கு ஒரு மணி நேரம்கூட வராது. இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் உடனே சமாதானமாகிவிடுகிறார்கள், எனக்குத்தான் ஆவதில்லை. நாளுக்கு ஒரு மணி நேரம் வீணாய்ப் போனாலும் வீண் வீண்தானே.

என் உண்மையான பதில் வேறு. அந்த ஒரு மணி நேரம் எப்போது வருகிறது என்று பாருங்கள். இரவு பத்து மணி. வேலை முடிந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்து, மகள் தூங்கின பிறகு. அந்த நேரத்தில் நான் ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டிருப்பேன், புது வீட்டுக்குப் பணம் சேர்த்திருப்பேன் என்றெல்லாம் கற்பனை செய்வது சுலபம். 2021-இல் ஒரு மாதம் விளையாட்டைக் கணினியிலிருந்தே எடுத்துவிட்டுப் பார்த்தேன். அந்த மாதம் இரவு பத்திலிருந்து பதினொன்று வரை என்ன செய்தேன் என்று இப்போது யோசித்தால் ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. கட்டைவிரலால் போனைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முந்தைய மாதம் ஆடிய ஓர் ஆட்டத்தை இப்போதுகூட விவரமாகச் சொல்ல முடியும். எந்தப் பக்கம் காடு இருந்தது, எந்த இடத்தில் சுவரை அடைக்க மறந்தேன், கடைசியில் எத்தனை வில்லேஜர்களோடு ஒரு மூலையில் பதுங்கி மறுபடி எழுந்து வந்தேன், எல்லாமே.

'உருப்படி' என்கிற சொல்லைச் சங்கீதத்தில் வேறு மாதிரி சொல்வார்கள். ஒரு கீர்த்தனைக்கு, ஒரு வர்ணத்துக்கு உருப்படி என்று பேர். தொடக்கம், வளர்ச்சி, முடிவு என்று ஓர் உருவம் உடையது. நல்ல மேட்ச் ஒன்றும் எனக்கு அப்படித்தான். போனைத் தள்ளிய அந்த ஒரு மாதத்துக்குத்தான் உருவமே இல்லை.

அப்படி அதில் என்னதான் இருக்கிறது?

ஒரே ஒரு காட்டுப்பன்றியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆட்டம் தொடங்கின சில நிமிடங்களில் ஆடுகள் தீர ஆரம்பிக்கும். ஓர் ஆட்டில் 100 உணவு. பக்கத்தில் எங்கோ நிற்கிற காட்டுப்பன்றியில் 340. ஆனால் அது சும்மா நிற்காது, திருப்பித் தாக்கும். வில்லேஜரின் உயிர் 25, பன்றி ஒரு தடவை முட்டினால் 7 போகும், நாலு முட்டில் ஆள் காலி. போய் அங்கேயே அடித்துக் கொன்றாலும் பிரயோஜனம் இல்லை, கறியைச் சுமந்துகொண்டு தூரம் நடக்க வேண்டும், அதற்குள் அது அழுகிக்கொண்டே இருக்கும். அதனால் அதை நம் வீட்டு வாசலுக்கே வரவழைக்க வேண்டும். ஒரே ஒரு வில்லேஜரை அனுப்பி, இரண்டு அம்பு விட்டு, அது சீறிக்கொண்டு திரும்பின அடுத்த நொடியே டவுன் சென்டரை நோக்கி ஓட்டம். பன்றி பின்னாலேயே வரும். வாசலில் ஆடு அறுத்துக்கொண்டிருந்த ஆறேழு பேரைச் சரியான நேரத்தில் திருப்பிவிட வேண்டும். சீக்கிரம் திருப்பினால் அவர்களும் தூரம் ஓடிப் போவார்கள், தாமதித்தால் முன்னால் ஓடி வருகிறவர் செத்துப்போவார்.

லூம் என்று ஒன்று உண்டு, 50 பொன் கொடுத்தால் எல்லா வில்லேஜருக்கும் உயிர் 15 கூடும். ஆனால் அது முடியும் வரை டவுன் சென்டரில் புது வில்லேஜர் பிறக்காது. ஆக, லூமை எப்போது போடுவது? பன்றிக்கு முன்னாலா, பின்னாலா? இருபது வருஷமாக நான் இதற்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் புதிதாக விடை யோசிக்கிறேன்.

இதெல்லாம் நடக்கும்போதே இன்னொரு தாளம் உள்ளே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வில்லேஜர் ஒருவர் பிறக்க 25 நொடி, 50 உணவு. டவுன் சென்டர் இரண்டரை நிமிடம் சும்மா நின்றால் ஆறு பேர் குறைவு, அந்த ஆறு பேரும் கடைசிவரை வெட்டியிருக்க வேண்டிய மரம் குறைவு. அதனால் பன்றியோடு ஓடிக்கொண்டிருக்கும்போதும் இடதுகை தன் பாட்டுக்கு அடுத்த ஆளுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருக்கும். சிடி காலத்தில் ஹெச், சி என்று இரண்டு விசை. இப்போது ஹெச், கியூ. சமைக்கும்போது மூன்று அடுப்பையும் ஒரே நேரத்தில் கவனிக்கிற அம்மாவின் கையைப் பார்த்திருக்கிறீர்களா, கிட்டத்தட்ட அந்த மாதிரி ஒரு நிலை. அந்த நிலையில் அலுவலகம் ஞாபகம் வராது, ஈஎம்ஐ ஞாபகம் வராது. அப்படிச் சுத்தமாக ஒன்றில் மூழ்குவது பெரியவர்களுக்கு எத்தனை தடவை கிடைக்கிறது?

மூளைக்கு நல்லதாமே? திட்டமிடும் திறமை வளருமாமே?

இந்த வாதத்தை நான் சொல்ல மாட்டேன். எனக்கு வளர்ந்த திறமை இந்த விளையாட்டை ஆடும் திறமை. மாதக் கடைசியில் அலுவலகக் கணக்கை முடிப்பதற்கு அது உதவியதாக எனக்குத் தெரியவில்லை. பிடித்த ஒன்றைச் செய்வதற்குப் பயன் என்று ஒரு சான்றிதழ் வேண்டும் என்கிற எண்ணமே எனக்கு ஒப்பவில்லை. மொட்டை மாடியில் பட்டம் விட்டவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை, கச்சேரிக்குப் போகிறவரிடமும் கேட்பதில்லை.

வரலாறு கற்றுக்கொள்ளலாம் என்கிறார்களே?

விளையாட்டே வரலாறு சொல்லிக்கொடுக்காது, நிறைய இடங்களில் தப்பாகவும் சொல்லும். ஆனால் போய்த் தேட வைக்கும். இது என் சொந்த அனுபவம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2004-இல் திருச்சியில் கல்லூரி விடுதியில் ஆட ஆரம்பித்தபோது மொத்தம் 18 நாகரிகங்கள். பிராங்கியர், பாரசீகர், ஜப்பானியர், அஸ்டெக், மாயா என்று எல்லாம் உண்டு, இந்தியா கிடையாது. 2013-இல் இந்தியர்கள் என்று ஒரே நாகரிகம் வந்தது, மொத்தத் துணைக்கண்டத்துக்கும் சேர்த்து ஒன்று. 2022 ஏப்ரலில் அதைப் பிரித்தார்கள். ஹிந்துஸ்தானியர், கூர்ஜரர், வங்காளிகள், அப்புறம் திராவிடர்கள்.

வெளியான அன்று இரவு திராவிடர்களைத் தேர்ந்தெடுத்து முதல் வில்லேஜர்மேல் க்ளிக் செய்தேன். தமிழில் பதில் வந்தது. பதினெட்டு வருஷமாகப் பிற மொழிகளில் மட்டுமே கேட்டுப் பழகிய அந்த இடத்தில், மரம் வெட்டச் சொன்னால் ஓர் ஆள் என் மொழியில் பதில் சொல்கிறார். நான் ஹெட்ஃபோனைக் கழற்றி மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவளுக்கு இந்த விளையாட்டு பிடிக்காது. ஆனாலும் இன்னொரு தடவை க்ளிக் செய் என்றாள்.

அதிலிருந்து ஒவ்வொரு நூலாகப் பிடித்துக்கொண்டு போனேன். இந்தத் திராவிடர்களுக்கு நைட் என்கிற கனமான குதிரைப்படை கிடையாது. ஏன் என்று எரிச்சலாகத் தேடினால், தமிழ் மன்னர்கள் குதிரைகளைக் கடல் வழியாக அரபு நாடுகளிலிருந்து வாங்கிக்கொண்டிருந்ததும், பாண்டிய நாட்டுக் காயலில் நடந்த அந்த வியாபாரத்தை மார்க்கோ போலோ எழுதி வைத்திருப்பதும் தெரிந்தது. ஊட்ஸ் எஃகு என்று ஒரு தொழில்நுட்பம் உண்டு. விளையாட்டில் அதை வாங்கிவிட்டால் நம் காலாளின் வெட்டு எதிரியின் கவசத்தையே பொருட்படுத்தாது. அந்தப் பெயர் கன்னடத்து 'உக்கு', நம் 'உருக்கு' என்ற சொற்குடும்பத்திலிருந்து போனது என்பார்கள். ஈரோடு பக்கம் கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. சிலம்பம் பழகியவர்கள் சுற்றுகிற சுருள்வாள் இந்த விளையாட்டில் இவர்களின் தனிப் போர்வீரனுக்கு ஆயுதம்.

ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு கதைத்தொடரும் உண்டு. அதை முடித்த வாரம் அவனுடைய மெய்க்கீர்த்தியைத் தேடிப் படித்தேன், 'திருமன்னி வளர' என்று தொடங்குவது. 1025-இல் கடல் தாண்டிப் போய் வென்ற ஊர்களை அது வரிசையாக அடுக்கிக்கொண்டே போகும். ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாநக்கவாரம், கடாரம். மாநக்கவாரம் என்பது நிக்கோபார் என்று தெரிந்தபோது வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த பொங்கல் விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரம் போனேன். தஞ்சாவூருக்குப் பத்துத் தடவை போயிருக்கிறேன், இங்கே அதுதான் முதல் தடவை. அவள் சிங்கமுகக் கிணற்றைச் சுற்றிச் சுற்றி ஓடினாள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். சோழர், பாண்டியர், சேரர், தெலுங்கு, கன்னட அரசர்கள் என்று ஒருவரோடொருவர் சண்டையிட்டவர்களை எல்லாம் திராவிடர்கள் என்று ஒரே மூட்டையாகக் கட்டியது எனக்கு உறுத்தல்தான்.

தனியாக உட்கார்ந்து ஆடுவதுதானே? மனிதர்களோடு பழகும் நேரத்தை அது தின்றுவிடாதா?

நான் பெரும்பாலும் மூன்று பேரோடு ஆடுகிறேன். விடுதி நண்பர்கள். அப்போது அறைக்கு அறை ஜன்னல் வழியாக லேன் கேபிள் இழுத்து, நாலுக்கு நாலு ஆடுவோம். இன்றைக்கு ஒருவன் சிங்கப்பூரில், ஒருவன் டோஹாவில், ஒருவன் கோயம்புத்தூரில், நான் சென்னையில். சனிக்கிழமை இரவு நமக்கு 9:30 என்றால் சிங்கப்பூரில் நள்ளிரவு, டோஹாவில் ஏழு மணி. டோஹாக்காரனுக்கு ஞாயிறு வேலை நாள் என்பதால் அவன்தான் முதலில் கிளம்புவான். கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் போனில் வாழ்த்துச் சொல்கிற உறவாக இது எப்போதோ சுருங்கியிருக்கும். விளையாட்டு இருப்பதால் வாரா வாரம் இரண்டு மணி நேரம் ஒருவன் குரலை ஒருவன் கேட்கிறோம்.

2020-இல் ஊரடங்கின்போது டோஹா நண்பனின் அப்பா ஊரில் இறந்துபோனார். விமானம் இல்லை. காரியங்களை அவன் போனில் வீடியோவில்தான் பார்த்தான். அன்று இரவு பதினொன்றரைக்கு, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரிந்தது. நானும் உள்ளே போனேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை, அவனும் பேசவில்லை. "ஆடலாமா?" என்று மட்டும் கேட்டான். கணினியை எதிரியாக வைத்து ஆட ஆரம்பித்தோம். அவன் படையே எடுக்கவில்லை. ஊரைச் சுற்றிக் கல் சுவர் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு சுற்று முடிந்ததும் அதற்கு வெளியே இன்னொரு சுற்று. கல் தீர்ந்தபோது நான் சந்தை வழியாக அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஒன்றரை மணி நேரம் இப்படிப் போனது. மூன்றாவது சுற்று முடிகிற நேரத்தில் அவன் பேச ஆரம்பித்தான். சின்ன வயதில் அப்பா சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போன கதை. விடிய விடியப் பேசினான்.

2,140-இல் அந்த ஒன்றரை மணி நேரமும் இருக்கிறது. அதை நேரடியாகப் போனில் பேசியிருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். அவனால் முடியவில்லை. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள், கல்யாணமான புதிதில். "ஆடு, ஆனா நான் பேசும்போது திரையைப் பார்த்துக்கிட்டே ம் போடாதே." அது நியாயம். அதை நான் எப்போதும் காப்பாற்றினேன் என்று சொல்ல மாட்டேன்.

2022-இல் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு மயிலாடுதுறையிலிருந்து அம்மா இரண்டு தடவை கூப்பிட்டார். நான் ரேங்க்ட் ஆட்டத்தின், அதாவது ஜெயித்தால் புள்ளி ஏறி, தோற்றால் இறங்குகிற இணைய ஆட்டத்தின் நடுவில் இருந்தேன், முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று விட்டுவிட்டேன். முடிய நாற்பது நிமிடம் ஆனது. திரும்பக் கூப்பிட்டபோது பக்கத்து வீட்டு அக்கா எடுத்தார். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து, அவர்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தார். அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அந்த மேட்சில் ஜெயித்தேன், அதைப் பற்றி ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம். போன் விசைப்பலகைக்குப் பக்கத்தில் திரை மேலாக இருக்கும். வீட்டு மனிதர்கள் யார் கூப்பிட்டாலும் அந்த நொடியே ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிடுவேன். சம பலத்தில் உள்ளவரிடம் தோற்றால் போவது சுமார் 16 புள்ளி. கூட ஆடுகிற மூன்று பேருக்கும் இது தெரியும், அவர்களும் அப்படித்தான்.

இது அடிமைத்தனம் இல்லையா?

நியாயமான கேள்வி, கோபப்படாமல் எடுத்துக்கொள்ள வேண்டியதும்கூட. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது. 2019 மே மாதம் உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் மணிக்கணக்கு எதுவும் இல்லை. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது கையை மீறிப் போவது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டு முன்னுக்கு வருவது, கெடுதல் நடப்பது கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்வது, இவையெல்லாம் சேர்ந்து வேலையையோ குடும்பத்தையோ படிப்பையோ பெரிதாகப் பாதிப்பது, அதுவும் பொதுவாக 12 மாதமாவது நீடிப்பது. அப்படி ஒருவர் இருந்தால் அவரைத் திட்டிப் பயனில்லை, மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.

இந்த அளவுகோலை என்மேலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது வழக்கம். அம்மா விழுந்த அந்த இரவை வைத்துக்கொண்டு ரொம்பவே யோசித்தேன். ஒரு தடவை தப்பு செய்தது தெரிந்து நிறுத்த முடிந்தது, அதனால் நான் அந்தப் பட்டியலில் இல்லை என்று நினைக்கிறேன்.

நிறைய நேரம் ஆடினால் மனசுக்குக் கெடுதல் என்று ஆய்வு இருக்கிறதே?

பழைய ஆய்வுகள் பலவும் "நீங்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆடுகிறீர்கள்?" என்று ஆட்களிடமே கேட்டு எழுதியவை. நம்மில் யாருக்கு அது சரியாகத் தெரியும்? ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிறுவனங்களிடமிருந்தே உண்மையான ஆட்ட நேரத்தை வாங்கிப் பார்த்தார்கள். 2021-இல் வெளியான முதல் ஆய்வில் 3,274 பேர், இரண்டு விளையாட்டுகள். கூடுதலாக ஆடியவர்கள் சற்றே கூடுதலாக நலமாக இருப்பதாகத் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் கொண்டாடினார்கள். அவர்களே 2022-இல் கிட்டத்தட்ட 39,000 பேரை, ஏழு விளையாட்டுகளில் சில வாரங்கள் தொடர்ந்து கவனித்தபோது, ஆடும் நேரம் நல்லதாகவோ கெட்டதாகவோ மனநலத்தைப் பெரிதாக மாற்றவில்லை என்று வந்தது.

எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறொன்று. பிடித்து ஆடுகிறவர்கள் நன்றாக இருந்தார்கள், ஆடியே ஆகவேண்டும் என்கிற நெருக்குதலில் ஆடுகிறவர்கள் அப்படி இல்லை. என் அனுபவமும் அதேதான். அடுத்த கேள்விக்கு அது பதிலாக வரும்.

எந்த மணி நேரங்களுக்காக வருத்தப்படுகிறீர்கள்?

ஏறக்குறைய முந்நூறு மணி நேரத்துக்காக. எல்லாமே இரவு பன்னிரண்டரைக்கு மேல் ஆடியவை. ரேங்க்டில் 1000 புள்ளியில் தொடங்குவார்கள், ஜெயிக்க ஜெயிக்க ஏறும். நான் 1200 பக்கம் போனதும் அந்த எண் என்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டு ஆட்டம் தோற்றால் அதைத் திரும்ப எடுக்காமல் படுக்க முடியாது. மூன்றாவதும் தோற்கும், ஏனென்றால் கை சோர்ந்து, கோபத்தில் பன்றியிடமே ஆளை இழந்துகொண்டிருப்பேன். மறுநாள் காலை மகளிடம் சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவேன். அந்த நேரத்தில் பன்றியும் இல்லை, தாளமும் இல்லை, நண்பனும் இல்லை, ஓர் எண் மட்டும்தான் இருந்தது. இப்போது இரண்டு ஆட்டம் தோற்றால் கணினியை அணைத்துவிடுகிறேன். புள்ளி 1100-க்கு இறங்கிவிட்டது, இருக்கட்டும்.

இதில் சம்பாதிக்க முடியுமா?

என்னால் முடியாது, உங்களாலும் பெரும்பாலும் முடியாது. நார்வேயின் வைப்பர், கனடாவின் ஹெரா மாதிரிச் சிலர் இதையே தொழிலாகச் செய்கிறார்கள். 2022-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் கோட்டைக்குள்ளேயே ஒரு பெரிய போட்டி நடந்தது. பழைய கோட்டைச் சுவருக்குள் உட்கார்ந்து கோட்டை கட்டுகிறவர்களை நான் இரவு விழித்துப் பார்த்தேன். பார்க்கிறது அருமை. அந்த நம்பிக்கையில் வேலையை விடாதீர்கள்.

என் பையன் ஆடலாமா?

இந்த விளையாட்டு என்றால் தாராளமாக, முதலில் உங்களோடு உட்கார்ந்து. என் மகளுக்கு ஒன்பது வயது. அவளை ரேங்க்ட் பக்கம் விடவில்லை, முகம் தெரியாதவர்களோடு உரையாடவும் விடவில்லை. கணினிக்கு எதிராக ஆடுவாள், ரகசியக் குறியீடு போட்டுத் துப்பாக்கி வைத்த நீலக் காரை வரவழைத்துக் குதிரைவீரர்களைத் துரத்துவாள், அதில் அவளுக்கு அலுப்பதே இல்லை.

ஆனால் வீடியோ கேம் என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள். ஓர் ஆட்டம் முடிந்ததும் "போதும், போ" என்று விடுகிற விளையாட்டு வேறு. இன்றைக்கு வராவிட்டால் பரிசு போய்விடும், இதை வாங்கினால்தான் அடுத்த கட்டம் என்று நச்சரிக்கிற விளையாட்டு வேறு. பணம் கட்டி ஆடும் ரம்மி வகை இவை இரண்டிலும் சேராது, அது சூதாட்டம். தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்கள் அதில் அழிந்தன என்று எல்லாருக்கும் தெரியும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியபோது போட்டியாக ஆடும் வீடியோ கேம்களான இ-ஸ்போர்ட்ஸை அதிலிருந்து தனியாகப் பிரித்து வைத்தது. அந்தப் பிரிவினையை வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை வயது வரை ஆடப் போகிறீர்கள்?

கண்ணும் கையும் ஒத்துழைக்கும் வரை. என் தாத்தா எழுபத்தெட்டு வயதில் திண்ணையில் ஆடுபுலி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார், கூட ஆடுகிறவர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகு என்னை உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் யாரும் இதைக் கேட்கவில்லை.

நானும் கற்றுக்கொள்ள நினைக்கிறேன், எங்கே தொடங்குவது?

வில்லியம் வாலஸ் பயிற்சித் தொடரில் தொடங்குங்கள், நடப்பதிலிருந்து சொல்லிக்கொடுக்கும். அப்புறம் கணினியோடு பத்து ஆட்டம். தோற்றால் பரவாயில்லை, டவுன் சென்டர் சும்மா நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும். விளையாட்டின் கடிகாரம் நிஜக் கடிகாரத்தைவிட 1.7 மடங்கு வேகம், அதனால் 40 நிமிட ஆட்டம் என்று காட்டினாலும் உட்கார வேண்டியது 24 நிமிடம்தான். பன்றியிடம் முதல் பத்துத் தடவை ஆள் சாவார், மனம் தளராதீர்கள்.

சனிக்கிழமை 9:30-க்கு எங்களோடு வரலாம், கோயம்புத்தூர்க்காரனுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருப்பதால் ஓர் இடம் காலியாக இருக்கிறது. டோஹாக்காரன் அம்மாவோடு பேசி முடித்துவிட்டு எப்போதும் பத்து நிமிடம் தாமதமாகத்தான் வருவான். விளையாட்டில் 14 என்று தட்டினால் "சீக்கிரம் ஆரம்பிங்கப்பா" என்கிற மாதிரி ஒரு குரல் கத்தும். அவன் வரும்வரை அதை மட்டும் யாரும் தட்டுவதில்லை.